மூன்று சென்னைப் பயணத்துக்காக இரண்டு லட்சம் கூடுதலா?

கேள்வி: கீழக்கரையில் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறேன். மாதம் நாலைந்து முறை மதுரை போய்த் திரும்புவேன். வருஷத்துக்கு மூன்று முறை குடும்பத்தோடு சென்னை. 55 யூனிட் பேட்டரி உள்ள மின்சார கார் 50 கிலோவாட் வேகத்தில்தான் (மணிக்கு 50 யூனிட்) சார்ஜ் ஏறும். 45 யூனிட் கார் 100 கிலோவாட் வரை ஏறும், விலையும் 2 லட்சம் குறைவு. 9% வட்டியில் ஐந்து வருடக் கடன். எதை எடுக்கலாம்?

பதில்: 45 யூனிட் காரையே எடுங்கள். ஆனால் அந்த 100 கிலோவாட்டை நம்பி அல்ல.

விளம்பரத்தில் போடும் கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். ஏசி போட்டு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். நூறைத் தாண்டினால் குறையும். ராமேஸ்வரம் பக்கம் எதிர்காற்றில் போனாலும் அப்படித்தான். மதுரை போய்வர சுமார் 260 கிலோமீட்டர், அதாவது 37 யூனிட். வீட்டில் ராத்திரி முழுசாக ஏற்றினால் வழியில் நிற்காமல் திரும்பிவிடலாம். உங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதி இதுதான்.

சென்னைக்கு 550 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 79 யூனிட். பத்து சதவீதத்துக்குக் கீழே இறக்காமல் ஓட்டினால் பெரிய பேட்டரிக்கு வழியில் 30 யூனிட்டும் சின்னதுக்கு 39 யூனிட்டும் ஏற்ற வேண்டும். காரும் சார்ஜரும் தரக்கூடியதில் எது குறைவோ அந்த வேகம்தான் கிடைக்கும். நெடுஞ்சாலையில் 30 கிலோவாட் சார்ஜர்தான் கிடைத்தால் உங்கள் காரின் 100 கிலோவாட் வேகம் பயன்படாது. பக்கத்தில் இன்னொருவர் செருகினால் சில சார்ஜர்களில் அதுவும் பாதியாகும். அந்த 30 கிலோவாட்டிலேயே கணக்குப் போட்டாலும் பெரிய பேட்டரிக்கு ஆகும் ஒரு மணி நேரத்துக்குப் பதில் சின்னதுக்கு 1 மணி 18 நிமிடம். எண்பது சதவீதத்துக்கு மேல் மெதுவாகத்தான் ஏறும் என்பதால் இரண்டு இடத்தில் நிறுத்துங்கள். குழந்தைகளோடு போகிறவர் எப்படியும் நிறுத்தத்தானே போகிறீர்கள்!

போகவர ஆறு பயணத்துக்கும் சேர்த்து பெரிய பேட்டரியால் வருஷத்தில் சுமார் இரண்டு மணி நேரம்தான் மிச்சம். அதற்காக 2 லட்சம் கூடுதல் கடன் வாங்கினால் மாதத் தவணை 4,150 ரூபாய் ஏறும், வட்டி மட்டும் 49,000 ரூபாய். கருவாட்டு வியாபாரத்தில் அந்த 2 லட்சம் கொள்முதலுக்கு உதவும்.

மின்சார கார் கடன் வட்டிக்கு 80இஇபி பிரிவில் வருமான வரிச் சலுகை உண்டு என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும்தான். காரை எடுக்கும் முன் வீட்டு இபி இணைப்பில் லோடு போதுமா, எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். சென்னைப் பயணம் மாதாமாதம் ஆகும் என்றால் மட்டும் 55 யூனிட்டை யோசிக்கலாம்.