மார்பு வீங்கினால் விரையையும் பார்க்க வேண்டும்

கேள்வி: எனக்கு 36 வயது. எட்டு மாதமாக இரண்டு மார்பும் வீங்கி, சட்டை உரசினாலே வலிக்கிறது. தாம்பத்திய ஆசையும் குறைந்துவிட்டது. ஸ்கேனில் இடது விரைக்குள் 12 மில்லிமீட்டர் கட்டி தெரிகிறது. புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனைகள் நார்மல். மார்புக்கும் விரைக்கும் என்ன சம்பந்தம்? விரையை எடுத்தே ஆக வேண்டுமா?

- பெயர் வேண்டாம்

பதில்: நேரடி சம்பந்தம் இருக்கலாம். கடிதத்தைப் படித்ததும் லெய்டிக் செல் கட்டியாக இருக்குமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. விரைக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் இந்த வகை.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பவை விரையில் உள்ள லெய்டிக் செல்கள். அவற்றில் கட்டி வந்தால் பெரியவர்களுக்குப் பல நேரம் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கூடிவிடும், மார்பு வீங்கும். அந்த ஈஸ்ட்ரோஜனைக் கண்டு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரையை இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இரண்டையும் குறைத்துவிடும். அப்புறம் நல்ல விரையும் சோர்ந்துபோகும். ஆசையும் விந்தணுவும் குறைவது அதனால்தான். இதே கட்டி சிறுவனுக்கு வந்தால் ஆறேழு வயதிலேயே குரல் உடைந்து, ரோமம் வளரும்.

ரத்தப் பரிசோதனை நார்மல் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அதில் பார்க்கும் ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்ற புற்றுநோய்க் குறியீடுகள் விந்தணு மூலச் செல்களில் வரும் கட்டிகளைத்தான் காட்டிக் கொடுக்கும், லெய்டிக் செல் கட்டியைக் காட்டாது.

நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இளைஞர் வந்தார். மார்பு வலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருந்தார். இடுப்புக்குக் கீழே யாரும் பரிசோதிக்கவில்லை, அவரும் கூச்சத்தில் கேட்கவில்லை. விரலுக்குத் தட்டுப்படாத கட்டியை ஸ்கேன்தான் காட்டியது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே தேன் நிறம், ஓரம் தெளிவாக இருந்தது. அன்றிலிருந்து மார்பு வீக்கம் என்று யார் வந்தாலும் விரையையும் பார்த்துவிடுவேன்.

இவ்வளவு சின்னக் கட்டிக்கு விரையை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வாய்ப்பு உண்டு. அறுவைச் சிகிச்சை நடக்கும்போதே திசுவை உறைய வைத்துச் சோதித்து முடிவு செய்வார்கள். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பரவாத கட்டிதான். 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தவை, ரத்தக்குழாய்க்குள் புகுந்தவைதான் பயம். பரவிவிட்டால் கீமோவும் கதிர்வீச்சும் பெரிதாக உதவுவதில்லை. அதனால் தள்ளிப்போடாதீர்கள், பிறகும் சில ஆண்டுகள் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

மார்பு வீக்கம் ஒரு வருடம் தாண்டினால் திசு இறுகிவிடும். கட்டியை எடுத்தாலும் முழுதாக வற்றாமல் போகலாம். குழந்தை வேண்டுமென்றால் விந்தணுவை முன்பே உறைய வைத்துச் சேமியுங்கள். டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனில் ஒரு வகை), எல்.எச்., எஃப்.எஸ்.எச். நான்குக்கும் அறுவைக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். அந்த எண்கள் இருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும்.