வெளியுறவுக் கொள்கை ஆய்வாளராக ஒரு திங்க் டேங்கில் (கொள்கை ஆய்வு நிறுவனத்தில்) சேர என்ன செய்ய வேண்டும்? பிஎச்டி கட்டாயமா? அங்கே என்னதான் வேலை?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும்.

பல்கலைக்கழகப் பேராசிரியர் தன் துறையினருக்காக எழுதுகிறார். திங்க் டேங்க் ஆய்வாளர் எழுதுவது ஓர் அரசுக் கோப்பு கையில் இருப்பவருக்காக: அமைச்சகத்தின் இணைச் செயலாளர், நாடாளுமன்ற நிலைக்குழு உறுப்பினர், தூதரக அதிகாரி. அவர்களுக்கு நேரம் கிடையாது. அதனால் இங்கே முதன்மையான சரக்கு புத்தகம் அல்ல, மூவாயிரம் நாலாயிரம் சொல்லில் ஒரு கொள்கைக் குறிப்பு. பரிந்துரை முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ஆதாரம் பின்னால் வரும். கல்லூரி ஆய்வேடு எழுதிப் பழகியவர்கள் முடிவைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவைப்பார்கள். புதிதாக வருபவர்களிடம் முதலில் திருத்தப்படுவது இதுதான்.

ஓர் உதாரணம். பாக் நீரிணை மீனவர் சிக்கல் பற்றிக் குறிப்பு எழுதுகிறீர்கள். "இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டும்" என்று முடித்தால் அதில் அதிகாரிக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: இலங்கை 2017 இல் சட்டத்தைத் திருத்தி இழுவைமடியை (கடலடியை வாரிச் செல்லும் வலையை) தடை செய்தது. அதே ஆண்டு இந்தியா, மூன்றாண்டுகளில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் தரும் திட்டத்தைத் தொடங்கியது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏன்? ராமேஸ்வரத்தில் ஓர் இரவு மீன்பிடித்துத் திரும்பிப் பழகியவர், வாரக்கணக்கில் கடலில் தங்கிச் சூரை (டூனா) பிடிக்க வேண்டும். அது வேறு தொழில், வேறு செலவு. அந்தத் தொழில் தெரிந்தவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம் இருக்கிறார்கள். இவ்வளவும் சொன்ன பிறகுதான் பரிந்துரை: எந்தத் துறை, எந்த விதியை, எவ்வளவு பணத்தில், எப்போதைக்குள் மாற்ற வேண்டும். செய்ய வேண்டியவர் யார் என்று சொல்லாத பரிந்துரையை யாரும் செய்யப்போவதில்லை.

இந்தத் தகவல்களுக்கு ரகசியத் தொடர்பு எதுவும் தேவையில்லை. மக்களவை, மாநிலங்களவைக் கேள்விகளுக்கு அமைச்சகம் தரும் எழுத்துப்பூர்வ பதில்கள், வெளியுறவு நிலைக்குழு அறிக்கைகள், மானியக் கோரிக்கைகள் (அமைச்சகம் ஆண்டுச் செலவுக்குக் கேட்கும் நிதி விவரம்), எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன. அமெரிக்கா பற்றி எழுதுபவர்களுக்கு அந்நாட்டு நாடாளுமன்ற ஆய்வுச் சேவையின் அறிக்கைகள் 2018 முதல் பொதுவெளியில் இருக்கின்றன. பத்திரிகைச் செய்திகளை மட்டும் அடிக்குறிப்பில் அடுக்கிய கட்டுரையை அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் ஒரு நிமிடத்தில் கண்டுகொள்வார்.

டெல்லியில் யார் யார் இருக்கிறார்கள் என்றால்: 1965 இல் தொடங்கிய, பாதுகாப்பு அமைச்சக நிதியில் இயங்கும் மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (முன்பு ஐடிஎஸ்ஏ), 1943 இல் தொடங்கிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சில், 1990 இல் வந்த ஓஆர்எஃப் (அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷன்), 2016 இல் திறந்த கார்னெகி இந்தியா. மும்பையில் கேட்வே ஹவுஸ். ஆராய்ச்சி உதவியாளராக நுழைந்து, அசோசியேட் ஃபெலோ, ஃபெலோ, சீனியர் ஃபெலோ என்று ஏறுவது பொதுவான படிவரிசை. பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். உதவியாளர் வேலைக்கு எம்.ஏ. போதும். ஃபெலோவுக்கு மேலே போக பிஎச்டி இல்லாமல் சிரமம். அதோடு, மேல்தட்டு இருக்கைகளில் பல ஓய்வுபெற்ற தூதர்களுக்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் போகின்றன. இளம் ஆய்வாளர்களுக்கு இது நியாயமான வருத்தம். இதைத் தாண்டும் வழி, அவர்களிடம் இல்லாத ஒன்றை வைத்திருப்பது.

அந்த ஒன்று பெரும்பாலும் மொழி. சீனா பற்றி எழுதுபவர் மாண்டரின் படிக்கத் தெரியாமல் இருந்தால், ஆங்கிலத்தில் வேறொருவர் எழுதியதைத்தான் திரும்ப எழுதுவார். தமிழ் மாணவர்கள் இலங்கையைத் தேர்ந்தெடுப்பது இயல்பு, யாழ்ப்பாணப் பத்திரிகைகளை நேரடியாக வாசிக்கலாம். ஆனால் தென்னிலங்கை அரசியல் சிங்களத்தில் நடக்கிறது. தமிழும் சிங்களமும் இரண்டும் வாசிக்கும் இந்திய ஆய்வாளர் அரிது. இரண்டு வருடம் இதற்குச் செலவிடுவது இன்னொரு பட்டயப் படிப்பைவிட மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

பலன் எப்போது தெரியும்? பொறுமை வேண்டும். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் ஐஏஎஸ் அதிகாரியாக இருந்து ஐடிஎஸ்ஏவுக்கு இருமுறை இயக்குநரானவர், 1999 இல் கார்கில் மறுஆய்வுக் குழுவின் தலைவர். அக்குழுவைத் தொடர்ந்து அமைந்த அமைச்சர்கள் குழு 2001 இல் பரிந்துரைத்த முப்படைத் தலைமைத் தளபதி பதவிக்கு 2020 ஜனவரியில்தான் ஆள் வந்தார்.

இனி பணம். சேரும் முன் அந்த நிறுவனத்துக்கு யார் நிதி தருகிறார்கள் என்று ஆண்டறிக்கையில் பாருங்கள். அரசு, தொழில் குழுமம், வெளிநாட்டு அறக்கட்டளை, எதுவானாலும் அதற்கேற்ற அழுத்தம் உண்டு. வாஷிங்டனின் முன்னணி நிறுவனங்கள் வெளிநாட்டு அரசுகளிடம் பணம் வாங்குவதை நியூயார்க் டைம்ஸ் 2014 இல் விரிவாக வெளியிட்டது. "இதை எழுதாதே" என்று யாரும் சொல்வது அரிது. எந்தத் தலைப்புக்குத் திட்டநிதி வருகிறது என்பதிலேயே தேர்வு நடந்துவிடும். வேலைப் பாதுகாப்பும் இதோடு ஒட்டியதுதான். பல பதவிகள் திட்டகால ஒப்பந்தங்கள். டெல்லியின் சிபிஆர் (சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச்) 2024 ஜனவரியில் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை இழந்தது. 1968 இல் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டு உருவாக்கிய வில்சன் மையம் 2025 இல் ஓர் அதிபர் ஆணையால் ஏறக்குறைய முடங்கியது. எவ்வளவு பழைய பெயரானாலும் உங்கள் ஒப்பந்தத்தில் நிதி எத்தனை மாதத்துக்கு என்று கேட்டுவிடுங்கள்.

மூடிய அறைக் கூட்டங்களில் சாத்தம் ஹவுஸ் விதி நடைமுறையில் இருக்கும். கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார், வந்திருந்தவர்கள் யார் என்பதை வெளியிடக் கூடாது. எக்ஸ் தளத்தில் (முன்பு ட்விட்டர்) ஒரு படம் போட்டாலே மீறல்தான், அடுத்த அழைப்பு வராது.

விண்ணப்பத்தில் சான்றிதழ்களைவிட எழுத்து மாதிரிதான் பேசும். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தை வெட்டி அனுப்பாதீர்கள். இரண்டு பக்கத்தில் புதிதாக ஒரு கொள்கைக் குறிப்பு எழுதுங்கள்: ஒரே சிக்கல், ஒரே அமைச்சகம், இரண்டு பரிந்துரை. பொதுவான மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுப்பாமல், அந்தத் தலைப்பில் எழுதும் ஆய்வாளருக்கு, அவருடைய அண்மைக் கட்டுரையில் எந்த இடத்தில் நீங்கள் வேறுபடுகிறீர்கள் என்று மூன்று வரி சேர்த்து அனுப்புங்கள்.