வானிலை கேள்வி பதில்

கேள்வி: ஒரே இடத்தை நாள் முழுக்கப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் இருக்கும்போது, ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கும் பேரண்ட்ஸ் கடல், நார்வே கடல் புயல்களுக்கு மட்டும் ஏன் வேறு வகை தேவைப்படுகிறது?

பதில்: ஒரு பந்தின் இடுப்புக்கு நேரே கண்ணை வைத்துப் பாருங்கள். உச்சந்தலை தெரிகிறதா? நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கிற செயற்கைக்கோளுக்கும் அதே கதிதான். வட அட்சரேகை 60 பாகையைத் தாண்டினாலே படம் சப்பிப்போகும். பேரண்ட்ஸ் கடல் 70-க்கும் மேலே இருக்கிறது.

அங்கே உருவாகும் புயல்களான துருவத் தாழ்வுகளோ படு பொடிசு. பல, குறுக்களவில் சில நூறு கி.மீ.தான், ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள் ஆயுள். கரையேறினால் செத்துவிடும். கடல்பனிமேல் கிடந்த கடுங்குளிர்க் காற்று உறையாத கடல்மேல் பாயும்போது பிறப்பவை இவை. படத்தில் முதலில் சீப்பால் வாரிவிட்டதுபோல் நேர்கோட்டு மேகங்கள். பிறகு ஓரிடத்தில் அந்தக் கோடுகள் வளைந்து கமா மாதிரி சுருளும். சிலவற்றுக்கு நடுவில் கண்கூட இருக்கும். அந்த வளைவு விழும் நேரத்தில் மேலே ஒரு கண் இருந்தாக வேண்டும்.

அதற்குத்தான் 800 கி.மீ. உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றுபவை. ஒரு சுற்றுக்கு 100 நிமிடம், நாளைக்கு 14 சுற்று. எல்லாச் சுற்றும் துருவத்துக்குப் பக்கமாகவே போவதால், வடகோடிக் கடல்களுக்கு அடிக்கடி தரிசனம். நீள்வட்டப் பாதையில் வடக்கின் மேலேயே பல மணி நேரம் தங்கிப் பார்க்க, 2021-இல் ரஷ்யா ஆர்க்டிகா-எம் என்ற செயற்கைக்கோளை அனுப்பியது.

கேள்வி: அங்கே மாதக்கணக்கில் இருட்டாமே! கேமரா என்ன செய்யும்?

பதில்: வெளிச்சத்தை நம்பும் கேமரா சும்மா கிடக்கும். வெப்பத்தை உணரும் அகச்சிவப்புக் கேமரா பார்க்கும், ஆனால் ஏமாற்றும்: கடல்பனியும் குளிர், தாழ்வான மேகமும் குளிர். சேர்ந்த புதிதில் பனி விளிம்பை மேகத்திரள் என்று குறித்து, மூத்தவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என்னைக் கேட்டால், இதில் பெரிய ஆள் ஸ்காட்டரோமீட்டர்தான். காற்றடித்தால் கடலில் சில சென்டிமீட்டர் அளவுக்குச் சிற்றலை எழும் இல்லையா? அதன்மேல் நுண்ணலையைப் பாய்ச்சி, திரும்பி வருவதை வைத்துக் காற்றின் வேகத்தையும் திசையையும் கணிக்கும். இருட்டு, மேகம் எதுவும் தடையில்லை. உறைந்த கடல்மேல் மட்டும் ஜம்பம் பலிக்காது, அங்கே ஏது அலை?

இதிலும் ஓட்டை உண்டு. ஐரோப்பாவின் மெட்டாப் வானிலைச் செயற்கைக்கோள்களில் இருக்கும் ஆஸ்காட் என்ற ஸ்காட்டரோமீட்டர், தன் பாதைக்கு இருபுறமும் 550 கி.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளைப் பார்க்கும். நடுவில் ஏறக்குறைய 700 கி.மீ. காலி. 300 கி.மீ. புயல் அதற்குள் சவுகரியமாகப் படுத்துக்கொள்ளும். அப்போது அடுத்த சுற்றுக்காக நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.