ஏழாவதோடு நின்றுபோன செய்திமடல்

கேள்வி: புறக்கோட்டை கெய்சர் வீதியில் தையல் சாமான்களை மொத்தமாக விற்கிறேன். தையற்காரர்கள், சிறிய ஆடைப் பட்டறைகள் என 430 பேருக்கு வாரம் ஒரு செய்திமடலை மின்னஞ்சலில் அனுப்பத் தொடங்கினேன். நேரமில்லாமல் ஏழாவதோடு நின்றுவிட்டது. ஓராண்டுக்கு எல்லாவற்றையும் பொறுப்பேற்பதாகச் சொல்லி ஒரு நிறுவனம் முற்பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் இணைத்திருந்த ஏழு மடல்களையும் வாசித்தேன். முதல் மூன்றில் கடை தொடங்கிய கதை, வாழ்த்து, புதுச் சரக்கு. நான்காவதிலிருந்து யாரும் எழுதக்கூடிய வியாபார அறிவுரை. நேரமில்லாததால் நின்றது என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடையை விட்டு விலகி எழுதப் போனீர்கள், கை வற்றிவிட்டது.

ஐந்தாவது மடலில், கொலர் விறைப்பாக நிற்க உள்ளே ஒட்டும் கன்வஸ் துவைத்ததும் குமிழி விடுகிறதென்று ஒருவர் முறையிட்டதை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறீர்கள். அதுதான் மடல்! துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்காமல் ஒட்டினால், பிறகு துணி சுருங்கும், கன்வஸ் சுருங்காது. சூடு போதாவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. இதைக் கல்லாவில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் விளக்குகிறீர்கள். அதே பேச்சை 150 சொற்களில் எழுதினால் ஒரு மாதத்து வேலை முடிந்தது. கல்லாவுக்கு அருகில் ஒரு சீ.ஆர். கொப்பியை வையுங்கள். வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியை அவர் கேட்ட சொற்களிலேயே, நீங்களோ கடைப் பையனோ, அந்த நிமிடமே குறித்துவிட வேண்டும். இரவில் நினைவுபடுத்தி எழுதலாமென்று விட்டால் சரக்கு மட்டுமே நினைவிருக்கும், கேள்வி போயிருக்கும்.

வாரம் ஒன்று என்ற கணக்கையும் விடுங்கள். மாதம் ஒன்று, ஒரே திகதி. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னர் புறக்கோட்டையில் மூச்சுவிட நேரமிராது. அந்த மாதங்களுக்கான மடலை முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

திகதி தவறலாம் என்று நான் ஒப்புக்கொள்வது ஓரிடத்தில் மட்டும்: விலை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது, அதாவது அதன் பெறுமதியைச் சந்தையிடமே விட்டபோது, 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. காலையில் எழுதிய விலை மாலையில் செல்லாது. அப்படியான நாளில் விலை போட்ட மடலை நிறுத்தி வையுங்கள்; பிந்திய மடலை மன்னிப்பார்கள், பிழையான விலையை மன்னிக்க மாட்டார்கள். ஆனால் விலை இல்லாத மடலுக்கு இந்தச் சலுகை இல்லை. கன்வஸ் குமிழிக்கும் டொலருக்கும் தொடர்பில்லை. 'சந்தை சரியில்லை' என்று சொல்லி அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

இனி அந்த நிறுவனம். இப்படிப்பட்டவர்களால் அடிபட்டவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளவத்தைக் கடைக்காரர் ஒருவரின் முகவரிப் பட்டியல் முழுவதும் அப்படியொரு நிறுவனத்தின் கணக்கில் இருந்தது. ஒப்பந்தத்தை முடித்த அன்று அது அவர்களோடு போய்விட்டது. பன்னிரண்டு ஆண்டு வாடிக்கையாளர்கள்! அனுப்பும் சேவையின் கணக்கு உங்கள் பெயரிலும் கடவுச்சொல் உங்கள் கையிலும் இருக்க வேண்டும். "பத்தாயிரம் முகவரி தருகிறோம்" என்றால் கதவைக் காட்டுங்கள். ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் 'ஸ்பேம்', அதாவது வேண்டாத மடல், என்று அழுத்துமளவுக்குப் போகக்கூடாது என்பது ஜிமெயிலின் விதி. விலைக்கு வாங்கிய பட்டியல் அதை ஒரே நாளில் தாண்டிவிடும். பிறகு உங்கள் உண்மையான வாடிக்கையாளருக்கும் மடல் போய்ச் சேராது.

சட்டம் காப்பாற்றும் என்று காத்திருக்காதீர்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த பகுதிகளையும் தள்ளிப்போட்டார்கள். சாதாரண மனிதரின் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் சந்தையில் விலைபோகும் நாட்டில் இவ்வளவு நிதானம் எதற்கு? ஆகவே, சம்மதம் கேட்டுப் பெற்ற முகவரிகளை மட்டும் வைத்திருங்கள். விலகும் வழியை ஒவ்வொரு மடலின் அடியிலும் போடுங்கள்.

மீண்டும் தொடங்கும்போது இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஒரு பந்தி எழுதாதீர்கள். கன்வஸ் குமிழியிலிருந்தே தொடங்குங்கள்.