டிரெய்லர் டயருக்கு நைட்ரஜன் வேண்டுமா?

கேள்வி: காருக்கும் அதன் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லருக்கும் நைட்ரஜன்தான் அடிக்க வேண்டும் என்கிறார்கள். என் டிரெய்லர் பாதி நாள் சும்மா நிற்கிறது. சாதாரணக் காற்று போதாதா? இரண்டையும் கலக்கலாமா?

பதில்: போதும். கலப்பதிலும் தப்பே இல்லை. காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே.

நைட்ரஜன் ரப்பர் வழியாக மெதுவாகக் கசியும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு மெதுவாக? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 31 வகை டயர்களில் 30 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) அடித்து, ஒரு வருடம் கழித்து அளந்தது. காற்றடித்தவை சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இறங்கியிருந்தன. நைட்ரஜன் அடித்தவை 2.2. இரண்டுமே இறங்கின, கவனியுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓடும்போது என் டிரெய்லர் டயர் ஒன்று வெடித்தது. உள்ளே இருந்தது நைட்ரஜன். அந்த நம்பிக்கையில் நான்கு மாதம் அளக்காமல் விட்டிருந்தேன். வால்வில் மெல்லிய கசிவு. காற்று குறைந்த டயர் பாரத்தோடு ஓடும்போது பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடாகிக் கிழிந்துவிடும். பின்னால் வரும் டயர் தளர்ந்தால் ஸ்டியரிங்கில் தெரியவும் தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும், டயர் குளிர்ந்திருக்கும்போதே, அளந்துவிடுகிறேன்.

வெயிலில் நைட்ரஜன் அழுத்தம் ஏறாது என்பதை நம்பாதீர்கள். 30 பிஎஸ்ஐ உள்ள டயரில் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் எந்த வாயுவானாலும் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். தண்ணீர் கலந்த காற்றுதான் இன்னும் தாறுமாறாக ஏறும். அதனால் கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

விமானத்துக்கு மட்டும் ஏன் நைட்ரஜன் என்று கேட்கலாம். 1986-ல் மெக்சிகோவில் ஒரு போயிங் 727-ன் பிரேக் சூடேறி, காற்றடித்த டயர் பறக்கும்போதே வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். அந்த அளவு பிரேக் சூட்டில் டயருக்குள் ஆக்சிஜன் இருப்பது ஆபத்து. உங்கள் டிரெய்லருக்கு அந்த நிலைமை வராது.

அப்புறம், தனி ஆக்சிஜன் சிலிண்டரையோ சமையல் வாயுவையோ அவசரத்துக்குக்கூட டயரில் அடிக்காதீர்கள். பின்னால் யாராவது அந்த ரிம்மில் வெல்டிங் வைத்தால் உயிரே போகும்.