நாடக இயக்குநர் ஆக என்ன பின்னணி வேண்டும்? நடிகர்களோடு சேர்ந்து எப்படி வேலை செய்வது?

வணிகவியல் படிக்கிறேன், வீட்டில் கலைஞர்கள் யாரும் இல்லை, அதனால் தயக்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை இரண்டே நாடகங்களை இயக்கியவன் என்ற அளவில் என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் வீட்டிலும் யாரும் மேடை ஏறியதில்லை. அப்பா மைக் செட் வாடகைக்கு விடுபவர். எங்கள் ஊர் செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவில் இருக்கிறது. சித்திரை, வைகாசி வந்துவிட்டால் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவு பத்து மணிக்கு மேல் விடியும்வரை கூத்து. அப்பா கண் அசரும் நேரத்தில் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் நான் கூத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்ததைவிடப் பக்கவாட்டிலிருந்து, ஆர்மோனியம் வாசிக்கும் பெட்டிக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அருகில் இருந்து பார்த்ததுதான் அதிகம்.

அங்கிருந்து பார்த்தால் கூத்து வேறு மாதிரி தெரியும். துரியோதனன் பாட்டை நீட்டப் போகிறாரா, முடிக்கப் போகிறாரா என்பது அவர் தோள் அசைவிலேயே பெட்டிக்காரருக்குத் தெரிந்துவிடும். கூட்டம் சோர்ந்தால், கதையை நடத்திச்செல்லும் கோமாளியான கட்டியங்காரன் புகுந்து ஊர்க் கதையை இழுப்பார். ஒருநாள் சாயங்காலம் கூத்து சொல்லிக்கொடுக்கும் ஒரு மூத்த வாத்தியார் வந்து, கொட்டகையில் தொங்கவிட்டிருந்த மைக்கை அண்ணாந்து பார்த்தார். "ரெண்டு முழம் பின்னாடி தள்ளுப்பா. சுத்தி வரும்போது கிரீடம் இடிக்கும்" என்றார். "வசனம் பேசும்போது எங்க நிப்பீங்கண்ணா?" என்று அப்பா கேட்டார். இருவரும் நடந்து பார்த்து அந்த இடத்தை முடிவு செய்தார்கள். இயக்கம் என்ற சொல்லே எனக்குத் தெரியாத வயது அது.

கணிதம் படித்து முடித்தபின், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கும் நிகழ்கலைப் பள்ளியில் முதுகலை சேர்ந்தேன். கூத்து வேறு, நாடகம் வேறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். 1977-ல் எழுத்தாளர் ந. முத்துசாமி தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்கள், கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரானிடம் பயிற்சி எடுத்தார்கள் என்று தெரிந்தபோது சிலிர்த்துப்போனேன். புரிசை எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

ஆனால் முதல் நாடகத்தில் இது எதுவும் எனக்கு உதவவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே இரவில் ஒரு முழு நாடகத்தை எழுதினார் என்று சொல்வார்கள். அந்த மாதிரி வாத்தியார்தான் என் மனதில் இருந்தார். யார் எங்கே நிற்க வேண்டும், எந்தச் சொல்லில் திரும்ப வேண்டும் என்று நோட்டு முழுக்க எழுதிவைத்து, ஏழு நடிகர்களையும் அதன்படியே நடக்க வைத்தேன். நன்றாக மனப்பாடம் செய்திருந்தார்கள். நிகழ்ச்சி அன்று நடுவில் கரண்ட் போனது. ஏழு பேரும் அப்படியே நின்று, இருட்டில் நான் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். கூத்தில் கரண்ட் போனால் அப்பா ஜெனரேட்டரிடம் ஓடுவார். கட்டியங்காரன் வெறும் குரலில் பேசிக்கொண்டே இருப்பார். ஒரு குழந்தைகூட எழுந்து போகாது. என் நடிகர்களால் அது முடியாமல் போனதற்கு அவர்கள் காரணமில்லை. அவர்களுக்கென்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

அடுத்த நாடகம் ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர்களைப் பற்றியது. ஒன்பது வார ஒத்திகையில் முதல் மூன்று வாரம் யார் கையிலும் நாடகப் பிரதி கொடுக்கவில்லை. கூத்தில் ஒரு வேஷம் சபைக்கு வந்ததும் கட்டியங்காரன் கேட்பார் இல்லையா, நீங்கள் யார், எந்த நாடு, எதற்காக வந்தீர்கள் என்று? அதையே பயிற்சியாக்கினேன். ஒருவர் பாத்திரமாக உள்ளே வருவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். வீட்டில் எத்தனை தறி, கடன் எவ்வளவு, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேள்விகள் போய்க்கொண்டே இருக்கும். லைட் போடுபவரும் வட்டத்தில் உட்கார்ந்து கேட்பார்.

என் பிரதியில் ஒரு காட்சி: கோபத்தில் நெசவாளர், தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலை அறுத்து எறிகிறார். பெருமையோடுதான் எழுதியிருந்தேன். குழுவில் ஒரு பெண் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாவு முதலாளியோடதுண்ணா. எங்கப்பா எவ்ளோ கோவம் வந்தாலும் அதுல கை வைக்க மாட்டாரு. தறிய விட்டு எழுந்து போய்த் திண்ணையில உக்காருவாரு." அந்தக் காட்சியை எடுத்துவிட்டு, அவர் சொன்னபடியே நெசவாளர் எழுந்து போய் உட்காருவதாக வைத்தோம். நாடகம் முழுக்க மிருதங்கத்தில் தறியின் தாளம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் மட்டும் அது நின்றுவிடும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை மிருதங்கக்காரரும் நெசவாளராக நடித்தவரும் அன்றன்றைக்குப் பார்த்துக்கொண்டார்கள். நான் தலையிடவில்லை.

எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்பு நடத்தினோம் என்று நினைத்துவிடாதீர்கள். எட்டாவது வாரத்திலிருந்து இறுதி முடிவு என்னுடையது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். இருபது நிமிடம் வெட்டினேன், இரண்டு பேருக்கு வருத்தம். அதைத் தவிர்க்க முடியவில்லை. ஆனால் நோட்டீஸில் ஆக்கம் என்ற இடத்தில் எல்லார் பெயரும் இருந்தது. கிடைத்த பணத்தையும் சமமாகப் பிரித்துக்கொண்டோம். சேர்ந்து உருவாக்கினோம் என்று வாயால் சொல்லிவிட்டுப் பெயரையும் பணத்தையும் ஒருவரே வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். வணிகவியலை முடியுங்கள், படிப்பு தடையே இல்லை. வரும் வைகாசியில் செய்யாறு பக்கம் ஒரு முழு இரவுக் கூத்துக்குப் போங்கள். எதிரில் பாய் போடாமல், பெட்டிக்காரருக்குப் பக்கத்தில் இடம் கேளுங்கள், தருவார்கள். மூன்று மணிக்கு மேல் பாதிக் கூட்டம் தூங்கியிருக்கும். அந்த நேரத்தில் ஆடுபவர்களும் வாசிப்பவர்களும் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள்.