கேளுங்கள், சொல்கிறேன்: மேசைக்கு அடியில் ஓர் எலிப்டிக்கல்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து ஒரே சாமானைப் பற்றியவை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மேசைக்கு அடியில் வைத்துக் காலால் மிதிக்கிறோமே, அந்தச் சின்ன எலிப்டிக்கல். மொரீஷியஸில் மழையும் புயல் எச்சரிக்கையும் மாறி மாறி வருகிற காலத்தில் வெளியே நடக்க முடியாததால் எல்லோருக்கும் இதன் ஞாபகம் வந்திருக்கிறது போல. நான் இயன்முறை சிகிச்சை செய்கிறவள், உட்கார்ந்தே இருக்கும் கால்களைத் தினமும் பார்க்கிறவள். அதனால் இந்த இதழ் முழுக்க இதற்கே.

*வயது 43. எபேனில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் தவிர மாலை ஐந்து வரை எழுந்திருப்பதில்லை. சுகர் எல்லையில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், தொப்பையும் விழுந்துவிட்டது. இதை வாங்கினால் எடை குறையுமா? நடைக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா?*
— காத்ர் போர்ன் வாசகர்

எடை குறைய வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். ஒன்பது மணி நேரம் கால் அசையாமல் இருக்கிறதே, அதற்காக என்றால் தாராளமாக வாங்குங்கள்.

ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்றால், உடற்பயிற்சி இல்லாமல் இருப்பது ஒரு கேடு, நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது இன்னொரு கேடு. 1953-இல் லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இரண்டு பேரும் போவது ஒரே பஸ், ஒரே ரோடு. ஆனால் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது, வந்தாலும் தாமதமாக, கடுமை குறைந்து வந்தது. மோரிஸ் தாமும் 99 வயது வரை வாழ்ந்தார். நம் ஊரில் இன்னும் பஸ்ஸில் கண்டக்டர் இருக்கிறார், ரோஸ் ஹில் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் எனக்கு இந்த ஆராய்ச்சிதான் நினைவுக்கு வரும். நீங்கள் இப்போது டிரைவர் சீட்டில் இருக்கிறீர்கள்.

சுகர் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, உங்கள் வீட்டுக் கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தாலே கணக்கு தெரிந்துவிடும். மதியம் ஃபராட்டாவும் கறியும் சாப்பிட்டுவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அந்தச் சர்க்கரை இரத்தத்திலேயே நின்றுகொண்டிருக்கும். தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை இரத்தத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருப்பதால், சாப்பிட்டு முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பதினைந்து நிமிஷம் மிதித்தாலும் அது வீண் போகாது. அரை மணிக்கு ஒருமுறை உட்காருவதை நிறுத்திக் கொஞ்சம் அசையுங்கள் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2016-லேயே சொல்லிவிட்டது. உங்கள் வேலையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போக முடியவில்லை என்றால் இந்த இயந்திரத்துக்கு அங்கே நியாயமான இடம் இருக்கிறது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு மீதி எட்டு மணி நேரம் சிலையாக இருப்பதைவிட, அரை மணிக்கு ஐந்து நிமிஷம் என்று நாள் முழுக்கப் பரப்புங்கள்.

இப்போது எடைக்கு வருகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியை ஒன்று என்று வைத்தால், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு செலவாகும். வேலை பார்த்துக்கொண்டே லேசாக மிதிப்பது இந்த நடைக்குக் கீழேதான் நிற்கும், ஏனென்றால் உங்கள் உடம்பின் பாரத்தை நாற்காலி தாங்குகிறது. திரையில் கலோரி என்று ஓர் எண் ஓடும், அதை நம்பி இரண்டு கத்தோ பிமா, அதுதான் நம் மிளகாய் வடை, கூடுதலாகச் சாப்பிட்டுவிடாதீர்கள். உங்கள் எடை 60 கிலோவா 95 கிலோவா என்றுகூடத் தெரியாமல் பெடல் எத்தனை முறை சுற்றியது என்று மட்டும் பார்த்துப் பல இயந்திரங்கள் கலோரி காட்டுகின்றன.

நடைக்குப் பதிலாக வைக்காதீர்கள், நடையோடு சேர்த்து வையுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு. மிதமானது என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஈமெயில் எழுதிக்கொண்டே மிதிக்கும்போது அந்த அளவுக்கு மூச்சு வாங்காது, வாங்கினால் ஈமெயில் எழுத முடியாது. ஆகவே மாலையில் காந்தோஸ் மலைப் பக்கம் நடப்பதை விட்டுவிடாதீர்கள். வகுப்பு 3 புயல் எச்சரிக்கை கொடுத்து பஸ் நின்று கடை அடைத்து எல்லோரும் வீட்டுக்குள் இருக்கும் நாள்களில், அப்போது மட்டும், பெடல் தரும் எதிர்ப்பைக் கூட்டி வைத்து இருபது முப்பது நிமிஷம் மூச்சு வாங்க மிதியுங்கள். மோட்டார் இல்லாத வகைக்குக் கரண்டும் தேவையில்லை.

வாங்கப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மேசை முன் உட்கார்ந்து, காலுக்கு அடியில் 20, 25 சென்டிமீட்டர் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, பாதத்தை மேலே வைத்துப் பாருங்கள். முட்டி மேசையின் அடிப்பக்கத்தை, அல்லது கீபோர்டு தட்டை, இடிக்கிறதா? இடித்தால் அந்த மேசைக்கு அது ஒத்துவராது. எலிப்டிக்கலில் பாதம் போகும் பாதை தட்டையான நீள்வட்டம், அதனால்தான் சின்ன சைக்கிள் பெடலைவிட முட்டி குறைவாக உயரும். சைக்கிள் பெடல் வகை வட்டமாகச் சுற்றுவதால் சாதாரண மேசையில் நிறையப் பேருக்கு முட்டி இடித்துவிடுகிறது, வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நாற்காலி. ஆபீஸ் நாற்காலிக்குச் சக்கரம் இருக்கும், நீங்கள் முன்னால் மிதித்தால் அது பின்னால் போகும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள், அல்லது சக்கரம் இல்லாத நாற்காலிக்கு மாறுங்கள். டைல்ஸ் தரை என்றால் அடியில் ரப்பர் பாய் கட்டாயம். முதுகு சாய்ந்து முழுப் பாதமும் பெடலில் படிய வேண்டும், நுனிக்காலால் மிதித்தால் இரண்டு நாளில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மவுஸ் பிடித்து நுணுக்கமாகச் செய்யும் வேலையின்போது கை ஆடும். போன் பேசும்போது, மீட்டிங் கேட்கும்போது, நீண்ட அறிக்கை படிக்கும்போது மிதியுங்கள்.

*மாமியாருக்கு வயது 71. இருபது வருஷமாகச் சுகர், இன்சுலின் போடுகிறார். முட்டி தேய்மானமும் இருக்கிறது. மதியம் முழுக்க டிவி முன்னால்தான். கடையில் ரிமோட் அழுத்தினால் தானே ஓடும் மோட்டார் வகையைக் காட்டுகிறார்கள். அதை வாங்கிக் கொடுக்கலாமா?*
— ரோஸ் ஹில் வாசகி

மாமியாரின் காலைப் பற்றி நினைத்து எழுதினீர்களே, சந்தோஷம் அம்மா. பக்கவாதம் வந்து கால் பலவீனமாகிவிட்டவர், தாமாக மிதிக்கவே முடியாதவர், இவர்களுக்கு மோட்டார் வகை பயன்படும். உங்கள் மாமியார் வீட்டுக்குள் நடக்கிறார் என்றால் மோட்டார் இல்லாததே நல்லது. மோட்டார் ஓடும்போது கால் அதன் கூடவே போய் வரும், தசை செய்யும் வேலை மிகவும் குறைவு. தசை வேலை செய்வதுதானே நமக்கு வேண்டியது. தவிர, பாதம் வழுக்கினாலும் மோட்டார் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அது எனக்குப் பிடிக்கவில்லை.

முட்டி தேய்மானத்துக்குப் பாரம் இல்லாத அசைவு நல்லதுதான், பயப்பட வேண்டாம். ஆகக் குறைந்த எதிர்ப்பில் ஐந்து நிமிஷம், காலையில் ஒருமுறை, சாப்பிட்டபின் ஒருமுறை என்று தொடங்குங்கள். மறுநாள் காலை முட்டி வலி வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் நேரத்தைப் பாதியாக்குங்கள். முட்டி மாற்று அறுவை ஏற்கனவே செய்திருந்தால் செய்த டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

எனக்கு முட்டியைவிடப் பாதம்தான் கவலை. இருபது வருஷச் சுகரில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பெடலின் மேல் சொரசொரப்பாகப் புள்ளி புள்ளியாக இருக்கும், வெறுங்காலால் மிதித்துக் கொப்புளம் வந்தாலும் அவருக்குத் தெரியாது. காலுறையும் மூடிய ஷூவும் போட்டுத்தான் மிதிக்க வேண்டும், சவாத் செருப்பு வேண்டாம். ராத்திரி படுக்கும் முன் நீங்களோ உங்கள் கணவரோ உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை, ஒரு சின்னப் புண்ணில் தொடங்கிக் காலையே இழந்தவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பாதத்தில் இப்போதே புண் இருக்கிறது என்றால் அது ஆறும்வரை இயந்திரமே வேண்டாம்.

இன்சுலின் போடுகிறவர் என்பதால் முதல் சில நாள் மிதிப்பதற்கு முன்னும் பின்னும் சுகர் பாருங்கள். வெறும் வயிற்றில் கூடாது. நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் நிறுத்திச் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நெஞ்சில் அழுத்தமோ தாடைக்கும் கைக்கும் பரவும் வலியோ என்றால் ஆஸ்பத்திரிக்குத்தான், காத்திருக்கக் கூடாது.

கை வைத்த, ஆடாத நாற்காலியாகப் போடுங்கள். புடவைக் கரை பெடலில் சிக்கும், அதனால் முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். விளம்பர இடைவேளையில் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். குளியலறையில் விழாமல் காப்பது அந்தத் தொடை வலுதான், அது பெடலில் கிடைக்காது.

*வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. மிதித்தால் கிறீச் என்று சத்தம், கீழ் வீட்டுக்குக் கேட்கிறது. திரையும் இருண்டுவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?*
— கியூர்பிப் வாசகர்

வேண்டாம். பெரும்பாலும் இவற்றில் எதிர்ப்பைத் தருவது காந்தம். உள்ளே சுழலும் கனமான சக்கரத்தை அது தொடாமலேயே இழுத்துப் பிடிக்கிறது, அதனால் அங்கிருந்து சத்தம் வர வழியில்லை. பெடலைத் தாங்கும் சின்ன உருளைகள் ஓடும் தண்டவாளத்தைப் பாருங்கள், அங்கேதான் தூசியும் முடியும் சேரும். உலர்ந்த துணியால் துடைத்து, கையேட்டில் சொல்லியிருந்தால் சிலிக்கோன் எண்ணெய் ஒரு துளி விடுங்கள், சமையல் எண்ணெய் கூடாது, பிசுக்காகிவிடும். பெடல் போல்ட்டுகளையும் முடுக்குங்கள். திரை இருண்டதற்கு பேட்டரி காரணமாக இருக்கலாம். உங்கள் ஊர் ஈரத்தில் அது கசிந்து முனை பச்சை பூத்திருக்கும், சுரண்டிவிட்டுப் புதியது போடுங்கள்.

*அக்கா அமெரிக்காவிலிருந்து வருகிறாள், மோட்டார் வகை அங்கே மலிவு என்கிறாள். கொண்டுவரச் சொல்லலாமா?*
— போர்ட் லூயி வாசகி

அங்கே கரண்ட் 120 வோல்ட், நமக்கு 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது. இயந்திரத்தோடு வரும் சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் சரி, 120 மட்டும் இருந்தால் இங்கே செருகிய நிமிஷமே கருகும். இன்னொன்று, இந்த இயந்திரம் பலவும் பத்துக் கிலோவுக்கு மேல். அக்காவின் பெட்டியில் பாதி இதற்கே போய்விடும்.

*இந்தத் தைப்பூசத்துக்கு முதல்முறையாகக் காவடி எடுக்கிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடுகிறது, நடந்து பழக முடியவில்லை. அண்ணன் வீட்டு எலிப்டிக்கலில் தினமும் ஒரு மணி நேரம் மிதிக்கிறேன். போதுமா?*
— வக்குவா வாசகி

போதாது தங்கச்சி. உன் நேர்த்தி நல்லபடி நிறைவேற வேண்டும் என்றுதான் வெளிப்படையாகச் சொல்கிறேன். காவடி நாளில் நீ நிற்க வேண்டும், தோளில் பாரத்தோடு மணிக்கணக்கில் மெதுவாக நகர வேண்டும், வெறுங்காலோடு, ஜனவரி பிப்ரவரி வெயிலில், தார் ரோட்டில். உட்கார்ந்து மிதிக்கும் கால் இதில் எதையும் பழகவில்லை. அதிலும் நீ போவது கோர் த கார்ட் மலைக் கோயில் என்றால் படிகள் வேறு.

சனி, ஞாயிறு இரண்டு காலையும் எடுத்துக்கொள், வெயில் ஏறும் முன் த்ரூ ஓ செர்ஃப் எரிமலைப் பள்ளத்தைச் சுற்றி நட, முதல் வாரம் அரை மணி, பிறகு பத்துப் பத்து நிமிஷமாகக் கூட்டு. வார நாளில் வீட்டுக்குள்ளேயே தோளில் ஒரு பையில் நான்கு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு நின்று நடந்து பழகு. சிமென்ட் முற்றத்தில் கொஞ்ச நேரம் வெறுங்காலோடு நட, உள்ளங்கால் தோல் தடிக்க வாரங்கள் பிடிக்கும். பத்து நாள் விரதம் தொடங்கியதும் இதையெல்லாம் பாதியாகக் குறைத்துவிடு, தண்ணீரை மட்டும் குறைக்காதே. எலிப்டிக்கலை அந்த நாள்களில் வைத்துக்கொள்ளலாம், ராத்திரி கால் கனத்துப்போயிருக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் பத்து நிமிஷம் மிதித்தால் கெண்டைக்கால் இரத்தத்தை மேலே தள்ளி வீக்கம் குறையும்.

படி ஏறுவதற்கு மட்டும் பழகிக்கொண்டு போகிறவர்கள்தான் மறுநாள் தொடை வலியோடு என்னிடம் வருகிறார்கள். தொடையைப் பிடிப்பது இறங்கும் படி. வாசலில் நான்கு படி இருந்தாலும் போதும், ஒவ்வொரு படியிலும் மூன்று எண்ணி மெதுவாக இறங்கு, தினமும் பத்து முறை, இன்றைக்கே தொடங்கு.